வெயிலுக்கு வைத்த விற்றமின்

மிருக வைத்தியர் என் மூத்த சகோதரி ராத்தாவின் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

காலை வெயில் திறந்த வாசலால் நுழைந்து, அவருடைய முதுகைத் தாண்டி, அலுமாரியின் நடுத்தட்டில் விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தட்டில் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள். மிட்டாய்க் கடைகளில் இருக்குமே, வாய் அகன்ற, திருகு மூடி போட்ட போத்தல்கள். இரண்டிலும் மஞ்சள் தூள். ஒரு பக்கம் மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தல், மறுபக்கம் யாரும் ஒருநாளும் தேநீர் குடித்திராத கோப்பைகள்.

"உது என்ன?" என்று கேட்டார். வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர்.

ராத்தாவின் கணவர் மீராலெவ்வை மச்சான், இந்தக் கேள்விக்காகவே சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்.

"அதுதான் சேர் விற்றமின். கோழித் தீனில கலக்கிறது. ஹொலண்ட் சாமான்."

"உதை ஏன் இஞ்ச வச்சிருக்கிறியள்?"

"இதவிட நல்ல இடம் இந்த வீட்டில இல்ல சேர்."

அது உண்மை. அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்த ஒழுங்கையிலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது. வந்த வினையே அதுதான்.

ஒரு பெட்டியோடு வந்தவர்

எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுடையது. மகளுக்குக் கல்யாணம் பேசும்போது வாப்பா வீட்டைக் கட்டி அவள் பெயருக்கு எழுதிவிடுவார். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அதற்குள் வருவார். மச்சான் நிந்தவூரிலிருந்து அப்படித்தான் கல்முனைக்கு வந்தார். நானும் அப்படித்தான் சாய்ந்தமருதுக்குப் போனேன். ஆகவே இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ராத்தாவுக்கு வீட்டோடு மாவடிப்பள்ளியில் கொஞ்சம் வயலும் கிடைத்தது. மச்சானுக்கு வீடு பிடித்தது, ராத்தாவையும் பிடித்தது. வயலோடுதான் ஒத்துவரவில்லை. அட்டை கடிக்கிறது என்பார். சேற்றில் நின்றால் தடிமன் வருகிறது என்பார். போகங்கள் சில இப்படிக் கழிந்த பிறகு, இனிக் கோழிதான் என்று ஒருநாள் அறிவித்தார்.

வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் வந்து குவியத் தொடங்கியிருந்த காலம் அது. முன்பு ஒரு துண்டுத் துணிக்கு வரிசையில் நின்றவர்கள், தேவையே இல்லாத சாமான்களைத் தேடித் தேடி வாங்கிய காலம். கோழியிலும் ஊர்க் கோழி மதிப்பிழந்தது. வெள்ளைக் கோழி என்றால்தான் முன்னேற்றம்.

முதல் தொகுதிக் குஞ்சுகள் கொழும்பிலிருந்து ரயிலில் மட்டக்களப்புக்கும், அங்கிருந்து பஸ்ஸில் கல்முனைக்கும் வந்தன. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகள். பஸ் புறப்பட்டதும் பெட்டிகள் எல்லாம் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. கண்டக்டர் வந்து நின்று, மச்சானை அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்.

"இதுகளுக்கு டிக்கட் எடுத்தயா காக்கா?"

"இது பாசல் தம்பி."

"பாசல் கத்தாது காக்கா. கத்தினா ஆள்."

வழக்குத் தீர்வதற்குள் வெக்கையில் பாதிக் குஞ்சுகள் போய்விட்டன. மீதியும் ஒரு வாரம் தாங்கவில்லை. இரண்டாவது தொகுதி சுகமாக வந்து சேர்ந்தது. அதைக் கீரி கொண்டுபோனது.

மூன்றாவது தொகுதிக்கு ராத்தா சம்மதித்தாள். சம்மதிக்கும்போது ஒரு நிபந்தனையையும் சொன்னாள். நான் அங்கே இருந்தேன்.

"இதுவும் போச்செண்டா கூட்டப் பிரிச்சி ஆட்டுக்கு அடைப்பன். நீங்க வயலுக்குப் போற. மறுகா கோழிக் கதை இந்த வீட்டில கதைக்கப்படா."

"ஓம் புள்ள" என்றார் மச்சான். கூடு நின்ற வளவும் ராத்தாவுடையதுதான்.

மூன்று நிபந்தனைகள்

அந்தக் காலத்தில் ஆயத்தத் தீன் எங்கள் பக்கம் ஒழுங்காக வருவதில்லை. வீட்டிலேயே கலக்க வேண்டும். அதற்கு வேண்டியவை எல்லாம் காலடியில் கிடந்தன. நெல் ஆலைகளில் தவிடும் குறுணலும், கடற்கரையில் கருவாட்டுத் தூளும் சிப்பித் தூளும், எண்ணெய் ஆட்டும் இடத்தில் புண்ணாக்கும் கிடைத்தன. இல்லாதது ஒன்றுதான்: விற்றமின். அதைக் கொழும்பில்தான் வாங்க வேண்டும். ஒரு மூட்டைத் தீனுக்கு ஒரு சிறங்கை போதும். அது இல்லாவிட்டால் மூட்டை முழுவதும் வயிற்றை நிரப்பும்; குஞ்சை வளர்க்காது.

மச்சான் கொழும்புக்குப் போய் அதை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தகர டின் ஒன்று. அதற்குள் வெள்ளித்தாள் ஒட்டிய தடித்த பை. பைக்குள் தூள். டின்னில் ஒட்டியிருந்த ஆங்கிலத்தை வாசிக்க என்னைக் கூப்பிட்டார். அப்போது நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் பிரதேச நிருபர். எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் என்றால் என்னிடம்தான் வரும்.

"குளிர்ந்த, ஈரமில்லாத, இருட்டான இடத்தில் வைக்கவும்" என்று வாசித்தேன்.

மச்சான் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

"குளிரும் வேணும், ஈரமும் இருக்கப்படா, இருட்டாவும் இரிக்க வேணும். மூணும் சேந்த இடம் கல்முனையில கபுர்தான் மச்சான். மாரி வந்தா அதுக்குள்ளயும் தண்ணி ஊறிரும்."

கடல் மணலில் வெட்டிய எந்தப் புதைகுழியிலும் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் ஊறும் என்று தெரிந்தவர்களுக்கு அதில் பிழை சொல்ல முடியாது. நான் மற்ற வரிகளையும் வாசித்தேன். பையிலிருந்து வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டாம். மூடியை உடனே மூடவும். ஈரக் கை படக் கூடாது.

"சரி, சரி" என்றார் மச்சான். அவருடைய கண் ஏற்கெனவே அலுமாரிக்குப் போயிருந்தது.

மரியாதை

வீட்டுக்கு வந்த எதையும் எங்கள் ஆட்கள் இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். பாவிக்கிற சாமான், வைக்கிற சாமான். பாவிக்கிற சாமானுக்குக் குசினி. வைக்கிற சாமானுக்குக் கண்ணாடி அலுமாரி. ஹொலண்டிலிருந்து கப்பலேறி வந்த தூளைத் தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பதற்கு மச்சானுக்கு மனம் வரவில்லை. டின்னோடு வைக்கவும் விருப்பமில்லை. டின் பழுப்பு நிறம், பார்வைக்கு அழகில்லை. ஆகவே தூளைப் போத்தல்களுக்கு மாற்றினார். ராத்தாவும் மறுக்கவில்லை; தேநீர்ச் சாடியைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி அவளே இடம் விட்டாள்.

போத்தலில் கொள்ளாத மீதியைப் பையோடு சுருட்டி, டின்னுக்குள் போட்டு, மூடியை அழுத்தி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். அழகில்லாத சாமானுக்கு அழகில்லாத இடம்.

குஞ்சுகள் வருமுன்பே பார்வையாளர்கள் வந்தார்கள். பக்கத்து வளவு ஆசியா மாமி முதலில் வந்தார்.

"அல்லாவே, என்ன வடிவான மஞ்சள்! கோழி இதத் தின்னுமா புள்ள?"

"கோழிக்குத்தான் மாமி" என்றாள் ராத்தா.

"என்ட பேரனுக்கு உடம்பே தேறுதில்ல. ஒரு கரண்டி தாவன் கா."

ராத்தா கொடுக்கவில்லை. மாமி அதைக் கடைசிவரை மறக்கவும் இல்லை. ஆனால் அதன்பிறகு தினமும் ஒருமுறை வந்து போத்தலைப் பார்த்துவிட்டுப் போவார். மற்றவர்களையும் கூட்டிவந்தார். அலுமாரி கிழக்கு வாசலைப் பார்த்து நின்றது. வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று மச்சான் விடிந்ததும் கதவை அகலத் திறந்து வைப்பார். வெயில் வந்து போத்தல்களில் விழும்போது தூள் பொன்னாக மின்னும். அதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது.

குஞ்சுகள் வந்த பிறகு தீன் கலக்கும் வேலையை மச்சான் ஒரு கடமைபோல வைத்துக்கொண்டார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுத்து, தொழுதுவிட்டு, தூளைத் தொடுமுன் கை சுத்தமாக இருக்கட்டும் என்று கிணற்றடிக்குப் போய் இன்னொரு தடவை ஒளு எடுப்பார். பிறகு இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லிக் கையைப் போத்தலுக்குள் விடுவார். பிஸ்மியில் பிழையில்லை. கை நனைந்திருந்தது. சில நாட்களில் தூள் கட்டிபட்டது. கட்டியை நசுக்கிவிட்டு, ஹொலண்ட் சாமான் அப்படித்தான் இருக்கும் என்றார்.

எங்கள் வாப்பா விதைநெல் வைத்த விதம் எனக்கு இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. காய்ந்த நெல்லை, காய்ந்த சாக்கில், நிலத்தில் படாமல் பலகை போட்டு, சன்னலில்லாத அறையில் அடுக்குவார். அடுத்த போகம்வரை அந்த அறைக்குள் எவரும் போக முடியாது. குளிர், உலர்வு, இருட்டு என்று எந்தத் தகரமும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ராத்தா அந்த வீட்டில் வளர்ந்தவள். மச்சானுடைய வாப்பாவும் அதைத்தான் செய்தார். ஆனால் விதைநெல் நம்முடையது; அதை ஒளித்து வைக்கலாம். விற்றமின் வெளிநாட்டு விருந்தாளி. விருந்தாளியை எவராவது இருட்டறையில் இருத்துவார்களா?

சுருண்ட விரல்கள்

மூன்றாவது வாரமளவில் குஞ்சுகள் சில நடக்காமல் குந்தின. கால் விரல்கள் உள்பக்கம் மடிந்து, கையைப் பொத்தியதுபோல் சுருண்டிருந்தன. தீனைக் கண்டால் எழும்பப் பார்க்கும். எழும்ப முடியாமல் முழங்காலால் தவழ்ந்து வரும். பசி இருந்தது, கால் இல்லை. சில நாட்களில் தவழ்கிறவற்றின் தொகை கூடியது.

மச்சான் கருவாட்டுத் தூளைக் குற்றம் சொன்னார். பிறகு நிலத்தின் குளிரைச் சொன்னார். ராத்தா கூட்டடிக்கு வந்து பார்த்துவிட்டு, "மாவடிப்பள்ளியில உழவு துவங்கிட்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றுதான் மச்சான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனார். அடுத்த நாள் காலை வைத்தியர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரு குஞ்சைத் தூக்கி விரலை விரித்துப் பார்த்தார். விட்டதும் விரல் மறுபடி சுருண்டது. விற்றமின் கொடுக்கிறீர்களா, அது எங்கே என்று கேட்டார். மச்சான் பெருமையோடு முன்வீட்டு அறைக்குக் கூட்டிப்போனார்.

வைத்தியர் போத்தலைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"வெயில் பட்டால் உதில இருக்கிற ஒரு விற்றமின் அழிஞ்சிடும். அதாலதான் கால் சுருளுது. உதைக் கொட்டிப்போட்டுப் புதுசு வாங்குங்கோ. இருட்டில வையுங்கோ. ஈரக் கை போடாதையுங்கோ. இப்ப குடுத்தால் கன குஞ்சு எழும்பும்."

இரண்டே நிமிடத்தில் அவர் சரியான காரணத்தையும் சரியான மருந்தையும் சொல்லிவிட்டார். மச்சான் சர்பத் கொடுத்து அனுப்பி வைத்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முனையில் மறையும்வரை வாசலில் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், வெயிலில விற்றமின் இரிக்கெண்டு நாம ஸ்கூலில படிச்சமா இல்லையா?"

"படிச்சம்."

"வெயிலில இரிக்கிற சாமான் வெயில் பட்டாக் கெடுமாம்! மறுகா, இந்தக் கோழியெல்லாம் நாள் முழுக்க வெயிலுக்க நிக்கிதே, அது கெட்டுப் போகலயே?"

"அது வேற, இது வேற மச்சான். டின்னிலயும் அப்படித்தானே எழுதியிருந்தது?"

"டின்னில எழுதினவன் கல்முனைய எங்க கண்டான்? இந்த டொக்டருக்கு நம்மட அலுமாரியப் பொறுக்குதில்ல. அவர்ட குவாட்டர்ஸில இப்பிடி ஒண்டு இரிக்கா? இல்ல."

போத்தல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. குஞ்சுகள் தவழ்ந்தன.

ராத்தாவின் தீர்ப்பு

ராத்தா வைத்தியருடைய பேச்சையும் மச்சானுடைய பேச்சையும் உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு முன்வீட்டுக்கு வந்தாள். அலுமாரிக்கு முன்னால் நின்று போத்தல்களை வெகுநேரம் பார்த்தாள். தூள் முன்போல் மின்னவில்லை. மஞ்சள் வெளுத்து, தவிட்டு நிறத்துக்கு வந்திருந்தது.

"நிறம் போனதக் கண்டீங்களா?" என்று மச்சானைக் கேட்டாள்.

"கொஞ்சம் மங்கித்தான் இரிக்கி."

"வெயிலுமில்ல, கியிலுமில்ல. கண்ணூறு. ஊர்ல உள்ள கண்ணெல்லாம் இதிலதான் பட்டிரிக்கி. ஆசியா மாமிட கண் ஒண்டே போதும், கருங்கல்லு வெடிக்கும். என்ட வாப்பா விதைநெல்ல ஆருக்காவது காட்டினாரா? நாம அலுமாரியில வச்சிக் காட்டினம்."

மச்சான் உடனே ஒத்துக்கொண்டார். வைத்தியரின் வெயிலை ஏற்க அவருக்கு முடியவில்லை. கண்ணூறு என்றதும் எல்லாம் பொருந்தியது. அவருடைய அலுமாரி பிழையில்லை, பார்த்தவர்கள்தான் பிழை.

"அப்ப என்ன செய்யிற புள்ள?"

"கண் படாத தூள் கட்டிலுக்குக் கீழ இரிக்கில்லையா? அதக் குடுப்பம்."

அழகில்லாத டின்னை இழுத்து எடுத்தார்கள். ராத்தா அதைக் கறுத்தத் துணியால் சுற்றினாள். சன்னலில்லாத உள்ளறையில் அவளுடைய சீதனப் பெட்டகம் இருந்தது. நல்ல சேலைகள் வைக்கும் முதிரைப் பெட்டகம். சேலைகளை ஒதுக்கிவிட்டு டின்னை அதற்குள் இறக்கிப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்தாள்.

"போத்தலக் கொட்டவா?" என்று கேட்டார் மச்சான்.

"வேணாம். அது அங்கேயே இரிக்கட்டும். தோட்டத்தில வெருளி வைக்கிறல்லையா? பாக்கிற ஆக்கள் அதப் பாக்கட்டும்."

"நாளைக்குக் காலையில நான் எடுத்துக் கலக்கிறன்."

"நீங்க கிட்ட வரப்படா. ஆகப் பெரிய கண் ஒங்கட கண்தான். விடிஞ்சா பொழுதுபட்டா அதப் பாத்து மகிழ்ந்ததே நீங்கதானே?"

அவளே கலந்தாள். உள்ளறைக் கதவைச் சாத்தி, காய்ந்த சிரட்டை அகப்பையால் அள்ளி, எவர் கண்ணும் படுமுன் பையைச் சுருட்டி, டின்னை மூடி, பெட்டகத்தைப் பூட்டினாள். தூளின்மேல் வெளிச்சம் படவில்லை, ஈரம் படவில்லை, தேவைக்கு மேல் காற்றும் படவில்லை. டின்னில் எழுதியிருந்த ஒவ்வொன்றையும், அதில் ஒரு வரியையும் நம்பாமல், அவள் செய்தாள்.

"தம்பி, பேப்பரில எழுதிப் போடாத" என்றாள் என்னிடம். இன்றுவரை எழுதவில்லை.

இரண்டாவது வருகை

சில நாட்களில் குஞ்சுகள் எழும்பின. முதலில் தள்ளாடி நின்றன, பிறகு நடந்தன, பிறகு தீன் பாத்திரத்துக்காகச் சண்டை பிடித்தன. கால் நன்றாகச் சுருண்டு போனவை மட்டும் தேறவில்லை. அவற்றை மச்சான் அறுத்துக் கறியாக்கினார். மற்றவை சிறகு வளர்ந்து, கூடு நிறைய வெள்ளையாக நின்றன.

வைத்தியர் கேட்காமலே மறுபடி வந்தார். நல்ல மனிதர், தன் நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று பார்க்கிற பழக்கம் இருந்தது. அன்றும் நான் அங்கே இருந்தேன். கூட்டைச் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியளே? சொன்னதைச் செய்திருக்கிறியள்."

கை கழுவிக்கொண்டு முன்வீட்டுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கிழக்கு வாசல் திறந்திருந்தது. வெயில் நடுத்தட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஸம்ஸம் போத்தலுக்கும் கோப்பைகளுக்கும் நடுவில் அதே இரண்டு போத்தல்கள் பழைய இடத்தில் இருந்தன. அவை கண்ணூறுக்காக வைத்த வெருளி என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

"புதுசு வாங்கினியளே?"

"இல்ல சேர். வாங்கல்ல."

"அப்ப அண்டைக்கு வாங்கின அதே சாமானைத்தான் குடுத்தியளோ?"

"ஓம் சேர், அதேதான்" என்றார் மச்சான். பொய் அல்ல. மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உள்ளறை வாசலில் ராத்தா இருமினாள். மச்சான் வாயை மூடிக்கொண்டார்.

வைத்தியர் அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்தார். மூடியைத் திருகி மணந்தார். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டு வெயிலில் பிடித்தார். அவர் தேடிய மஞ்சள் அதில் இல்லை. கூட்டிலிருந்து கோழிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போத்தலை இருந்த இடத்திலேயே, தட்டில் பதிந்திருந்த அதே வட்ட அடையாளத்தில் வைத்தார்.

"எங்கட புத்தகத்தில எழுதியிருக்கிறது வேற வெயில் போல" என்றார்.

சர்பத்தைக் குடித்தார். மோட்டார் சைக்கிளை உதைக்க மறந்து கொஞ்சத் தூரம் உருட்டிக்கொண்டே போனார்.

மச்சானுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"கேட்டியா மச்சான்? டொக்டரே ஒத்துக்கிட்டார். அலுமாரியில வச்சதில ஒரு பிழையுமில்ல. இனி ஒளிக்கத் தேவையில்ல. புள்ள, அந்த டின்ன எடு. போத்தல நல்லாக் கழுவிப்போட்டு, டின்னில இரிக்கிற தூள அதுக்க நிரப்பி..."

ராத்தா வெளியே வந்தாள். வைத்தியர் தொட்ட போத்தலைத் துணியால் துடைத்தாள். அலுமாரிக் கதவைச் சாத்தினாள். முந்தானை முடிச்சில் சாவி இருக்கிறதா என்று ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மச்சானைப் பார்க்காமல் என்னைக் கேட்டாள்.

"தம்பி, மாவடிப்பள்ளிப் பக்கம் போற முதல் பஸ் எத்தின மணிக்கு?"

மச்சான் தீன் வாளியைத் தூக்கிக்கொண்டு கூட்டடிக்குப் போனார்.